மேல்மாடிப் பலகைகளும் ஒரு குடும்பக் கதையும்

காலிக் கோட்டைக்குள் இருக்கும் என் உம்மாவின் குடும்ப வீட்டு மேல்மாடியில், 2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பலகை முறிந்து பெரிய மாமாவின் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த மேல்மாடியை என்ன செய்வது என்பதே குடும்பத்தில் பேச்சாகிவிட்டது. பலகைகளைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீற்றுப் போட்டு டைல் பதிக்கலாம் என்றார்கள் மச்சான்மார். இதைக் கேள்விப்பட்டோ என்னவோ, பழைய மரச்சாமான் வாங்கும் வியாபாரி ஒருவரும் வந்து சேர்ந்தார். பலகை முழுவதையும் தாமே கழற்றி எடுத்துக்கொண்டு, டைல் பதிக்கும் செலவையும் ஏற்று, அதற்கு மேல் கையில் ஒரு தொகையும் தருவதாகச் சொன்னார். இவ்வளவு தாராளமான வியாபாரியை நான் கண்டதில்லை.

மாமா இரண்டு நாள் யோசித்துவிட்டு எனக்கு ஆளனுப்பினார். "மகன், நீங்க சரித்திரம் படிச்சுக் குடுக்கிற ஆள்தானே. இந்தப் பலக எந்தக் காலத்துச் சாமானென்டு பாத்துச் சொல்லுங்க. பொறகு முடிவெடுப்பம்" என்றார்.

உண்மையில் அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. உம்மும்மா எங்களைச் சுற்றி உட்கார வைத்துச் சொன்ன கதை அது. ஒல்லாந்தரின் கப்பலொன்று காலித் துறைமுகப் பாறையில் மோதி உடைந்ததாம். அதன் பலகைகளை எங்கள் முப்பாட்டனார் ஏலத்தில் எடுத்து மேல்மாடி போட்டாராம். கடல் தண்ணீர் குடித்த பலகை என்பதால் கறையான் கிட்டவும் வராதாம். இந்தக் கதையை நம்பித்தான் நான் வளர்ந்தேன். பாடசாலையில் ஒல்லாந்தர் காலத்தைப் படிப்பிக்கும்போது, "எங்கள் வீட்டில் நான் நடந்து திரிந்தது ஒல்லாந்துக் கப்பலின் மேல்தட்டில்" என்று பிள்ளைகளிடம் பெருமையும் அடித்திருக்கிறேன்.

ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது கதை இடித்தது. ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றியது 1640இல். ஆங்கிலேயரிடம் அதை இழந்தது 1796இல். அவர்கள் காலத்தில் கோட்டைக்குள் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை உயர்ந்த கூரையும் முன் விறாந்தையும் கொண்ட ஒற்றைத் தள வீடுகள். மேல்மாடிகள் பெரும்பாலும் பின்னர் எழுந்தவை. அதுமட்டுமல்ல, ஒல்லாந்தர் சோனகரை வியாபாரப் போட்டியாளராகவே பார்த்தார்கள். பலவிதமான தடைகளை விதித்தார்கள். கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடுவளவு வைத்திருப்பதற்கு இருந்த தடை ஆங்கிலேயர் காலத்திலேயே நீங்கியது. அப்படிப்பட்ட காலத்தில், காலிக் கோட்டைக்குள் ஒரு சோனகர் கப்பல் பலகையை ஏலத்தில் எடுத்து மாடி கட்டினார் என்பதை அவ்வளவு இலேசாக ஏற்க முடியாது.

சரி, கதை சொல்வதை விட்டுப் பலகை என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்று போனேன். துணைக்கு, எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து எழுபது வயதைத் தாண்டிய பாஸ் ஒருவரைக் கூட்டிச் சென்றேன். பாலர் வகுப்பைத் தாண்டாதவர். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கைக்கூட நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நான் குனிந்து பலகையின் மேல்முகத்தைப் பார்த்தேன். பாஸ் சிரித்தார். "மாஸ்டர், மேலே பார்த்து ஒரு வேலையும் இல்லை. அங்கே இருப்பது மெழுகும் உங்கள் ஆட்களின் கால்களும்தான்" என்றார் சிங்களத்தில். அது உண்மை. ஐந்தாறு தலைமுறையாகச் சிவப்புத் தரை மெழுகு தேய்த்து, தேங்காய்ப் பொச்சால் மினுக்கி, எல்லாப் பலகையும் ஒரே கறுஞ்சிவப்பாகியிருந்தன. பலாவும் தேக்கும் முதிரையும் அந்த மெழுகுக்குக் கீழே ஒன்றுபோலவே தெரியும். பாஸ் சுவரோரத்துக்குப் போனார். அலுமாரியை நகர்த்தச் சொன்னார். பிறகு கீழ் வீட்டுக்கு இறங்கி, ஏணி வைத்து, தீராந்திகளுக்கு இடையில் பலகையின் அடிப்பக்கத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தார். மெழுகும் வெயிலும் படாத இடத்தில்தான் மரம் தன் முகத்தோடு இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். தீராந்தி என்பது போர்த்துக்கேயச் சொல். யன்னல், கதிரை, அலுமாரி, விறாந்தை என்பனவும் அப்படியே. கந்தோர் ஒல்லாந்துச் சொல். நாம் வீட்டுக்குள் நடந்து திரியும்போது வாயில் வரும் சொற்களில் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஆனால் பலகை, வளை, வாள், உளி எல்லாம் நம் சொற்கள். மேல்மாடியின் எலும்புக்கு அந்நியச் சொல்லும் தோலுக்கு நம் சொல்லும் இருப்பதைப் பார்த்து அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. சொல்லை வைத்துச் சரித்திரம் எழுதுவது ஆபத்தான வேலை என்பதால் அதை அத்துடன் விட்டுவிடுகிறேன்.

மேல்மாடியில் மூன்று அறைகள். முறிந்தது நடு அறையின் பலகை. அதன் நுனியைப் பாஸ் உளியால் மெல்லச் சீவினார். உள்ளே பொன் மஞ்சள். "கொஸ்" என்றார். பலா. எனக்கு அவ்வளவு எளிதில் மனம் ஒப்பவில்லை. சீவிய துருவலை வீட்டுக்குக் கொண்டுவந்து சட்டியில் கொதிக்க வைத்தேன். தண்ணீர் மஞ்சளாகியது. பௌத்த துறவிகளின் சீவரத்துக்குச் சாயம் காய்ச்சுவது பலாவின் வைரத்திலிருந்துதான் என்பது நாடறிந்த விடயம். கப்பல் பலகை என்று நாங்கள் பாராட்டி வளர்த்தது, யாரோ ஒருவரின் வீட்டுத் தோட்டத்தில் பழம் தந்த மரம்.

தெருப்பக்கத்து அறையின் பலகை வேறு. பூதக்கண்ணாடி இல்லாமல் துளைகளே தெரியாத நெருக்கமான மரம். சீவிய இடத்தில் பட்டுத்துணியைப் போல் வெளிச்சம் பக்கத்துக்குப் பக்கம் மாறி மினுங்கியது. மரத்தூள் பட்டு என் முன்கை இரவு முழுவதும் அரித்தது. பாஸ் அதைக் கேட்டுத் தலையாட்டினார். புருதவின் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். புருத என்பது நம் முதிரை. பாடசாலை விஞ்ஞான அறையில் ஒரு துண்டைத் தராசில் நிறுத்து, அளவுச்சாடியில் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தேன். தண்ணீரின் அடர்த்திக்குச் சற்றுத்தான் குறைவு. மிதக்கிறதா அமிழ்கிறதா என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். பலாத் துண்டு அதே சாடியில் கிட்டத்தட்டப் பாதி வெளியே தெரியும்படி மிதந்தது.

முதிரை தென்னிலங்கையின் ஈர மண்ணில் வளரும் மரமல்ல. வடக்கு, கிழக்கு, வடமத்திய உலர்வலயக் காடுகளுக்குரியது. அந்தக் காலத்தில் அதன் மதிப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு சாட்சி போதும். 1833இல் பேராதனையில் மகாவலி கங்கைக்கு மேலே ஆங்கிலேயர் ஒரே வளைவாக 205 அடி நீளத்தில் போட்ட பாலம் முழுவதும் முதிரை மரத்தால் ஆனது. 1905இல் இரும்புப் பாலம் வரும்வரை எழுபது வருடங்களுக்கு மேல் வண்டிகளையும் யானைகளையும் அது தாங்கியது. கண்டிக்குப் போகும்போது அந்த இடத்தைக் கடக்காத நம்மவர் இல்லை. ஆனால் அங்கே இருந்தது மரப்பாலம் என்று தெரிந்தவர் சிலரே. எங்கள் வீட்டுத் தெருப்பக்கத்து அறைக்கு அந்த மரம் வந்தது என்றால், உலர்வலயக் காட்டில் வெட்டியவரிலிருந்து அதை ஏற்றி இறக்கியவர்வரை பல கைகள் மாறியிருக்க வேண்டும். அதை வாங்கும் கையில் காசும் இருந்திருக்க வேண்டும்.

பின் அறை தேக்கு. அங்கே பலகைகள் ஒடுங்கியவை, நாலரை அங்குலம். ஒன்றின் விளிம்பில் நாக்கும் மற்றதில் தவாளிப்புமாக ஒன்றையொன்று கவ்வி, எல்லாம் ஒரே அளவு. வெட்டுமுகத்தைக் கண்ணாடியால் பார்த்தால் பெரிய துளைகள் வளையத்துக்கு வளையம் வரிசை கட்டி நிற்கும். பலாவில் துளைகள் பெரியவைதான், ஆனால் அப்படி வரிசையாக நில்லாமல் சிதறிக் கிடக்கும். தேக்கை மூக்கும் சொல்லிவிடும். புதிதாகச் சீவினால் எண்ணெய் ஊறிய பழைய தோலின் வாசம்.

மரம் தெரிந்துவிட்டது. காலம்? அதற்கு வாளும் ஆணியும்தான் சாட்சி. பலாப் பலகையின் அடிப்பக்கத்தைச் சீவுளி தொட்டதே இல்லை. அதில் வாளின் கீறல்கள் நேராக, ஆனால் ஒழுங்கில்லாமல், ஒன்று சரிந்தும் ஒன்று நிமிர்ந்தும் கிடந்தன. குழி வெட்டி, ஒருவன் மரத்தின் மேலும் ஒருவன் குழிக்குள்ளும் நின்று கைவாளால் அறுத்த மரம் அப்படித்தான் இருக்கும். கீழே நின்றவனின் கண்ணில் எவ்வளவு தூள் விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முதிரையிலும் அதே கைவாள்தான். தேக்கின் அடியிலோ வட்டவாளின் பிறைக் கீறல்கள், அச்சடித்தாற்போல் ஒரே இடைவெளியில். அது இயந்திர ஆலையில் அறுபட்டு, இயந்திரத்தாலேயே இழைக்கப்பட்ட பலகை.

ஆணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கொல்லன் அடித்த ஆணி நாலு பக்கமும் கூம்பி வரும். தலையில் சுத்தியலின் தழும்பு இருக்கும். இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டிய ஆணி இரண்டு பக்கம் மட்டுமே கூம்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அதன் ராச்சியம். உருண்டைக் கம்பி ஆணி அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் எங்கும் பரவியது. ஆனால் பழைய ஆணியை நிமிர்த்தித் திரும்ப அடிக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்றும் உண்டு. ஆகவே பழைய ஆணி இருப்பதால் பலகை பழையது என்று சொல்லிவிட முடியாது. புதிய ஆணி மட்டும் இருந்து, அதன் பக்கத்தில் வேறு துளையே இல்லாவிட்டால், பலகை அந்த ஆணியைவிட முந்தி அங்கே பதிக்கப்படவில்லை என்று துணிந்து சொல்லலாம். பலாவிலும் முதிரையிலும் இயந்திரம் வெட்டிய ஆணிகள். வேறு துளை இல்லை. தேக்கில் உருண்டை ஆணிகள். அங்கும் வேறு துளை இல்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது எங்கள் வீட்டின் இன்னொரு கதை விரிந்தது. 1842 முதல் இங்கிலாந்திலிருந்து வரும் தபால் நீராவிக் கப்பல்கள் காலியில் நின்றன. இறங்கி ஏறும் பிரயாணிகளுக்கு மாணிக்கமும் ஆமையோட்டுச் சீப்பும் விற்றவர்களில் நம்மவர் முன்னணியில் இருந்தார்கள். எங்கள் முப்பாட்டனார் மாணிக்க வியாபாரி என்பது உறுதிகளில் இருக்கிறது. நடு அறையின் பலாவும் தெருப்பக்கத்து முதிரையும் அந்த நல்ல காலத்துக்குரியவை என்று கொள்வதில் தடையில்லை. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். 1885இல் அது முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்குப் போய்விட்டன. காலி தூங்கியது.

அப்படியானால் பின் அறையின் தேக்கு? உருண்டை ஆணியும் வட்டவாளும் அதை அந்தத் தூக்கத்தின் காலத்தில்தான் வைக்கின்றன. கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் 1852இலும் மேல் பர்மாவை 1885இலும் பிடித்தபின், அங்கிருந்து தேக்கு இந்து சமுத்திரம் முழுவதும் பெருக்கெடுத்தது. ஆனால் வாங்கக் காசு வேண்டுமே. இங்கே உம்மும்மாவின் இன்னொரு பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. அவரின் பாட்டனாரும் சகோதரர்களும் கொழும்பில் கடை வைத்து, பெருநாளுக்கு மட்டும் ஊருக்கு வருவார்களாம். 1894இல் காலிக்குப் புகையிரதமும் வந்துவிட்டது. கொழும்பில் உழைத்து, ஊரில் பெண்மக்களுக்குச் சீதனமாக ஓர் அறை கூட்டியிருக்கிறார்கள். அந்தப் பின் அறையில்தான் உம்மும்மா பிறந்தார். துறைமுகம் செத்தபின்னும் வீடு சாகவில்லை என்பதை அந்த நாலரை அங்குலப் பலகைகள் சொல்கின்றன. கப்பல் கதையில் இது எதுவும் இல்லை.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப ஒல்லாந்துக் கப்பல் பொய்யா?" என்றார். பலா என்பதுதான் அவரை அதிகம் வருத்தியது. பலாவைச் சாப்பிடும் மரமாகவே அவர் கண்டிருக்கிறார்.

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. முறிந்த பலகையைப் பாஸ் முழுதாகக் கழற்றித் திருப்பியபோது, அதன் அடிப்பக்கத்தில் கரிக்கோலால் ஏதோ எழுதியிருந்தது. அரபு எண்கள். அந்தப் பலகைக்கு ஓர் எண், அதன் பக்கத்தில் இரண்டு எழுத்துக்கள். தொடர்ந்து அடுத்தவற்றையும் பார்த்தோம். நடு அறையின் இருபத்தொரு பலகையில் பதினான்கில் எண் தெரிந்தது. வலமிருந்து இடமாக, தெருவிலிருந்து உள்நோக்கி வரிசையாக. எழுத்துக்கள் அரபுத் தமிழில் "பல" என்று வாசிக்கும்படி இருந்தன. பலகை என்பதன் சுருக்கமா, பலா என்பதா, நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எண்ணிட்டவர் ஓடாவி என்றும் சொல்லமாட்டேன்; பலகைகளை எண்ணி வாங்கி வைத்த வீட்டுக்காரராகவும் இருக்கலாம். எழுதியவர் கை நம்முடையது என்பது மட்டும் நிச்சயம். அரபுத் தமிழ் என்றால் பாடல்களும் பிக்ஹு நூல்களும்தான் என்று நாம் நம் பத்திரிகைகளில் எழுதிக் கொண்டிருக்கிறோம். ஒருவர் பலகைக் கணக்குக்கும் அதையே எடுத்திருக்கிறார்.

காலியில் இப்படி ஒன்று கவிழ்ந்து கிடந்து எழும்பியது முதன்முறையல்ல. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தோடு 1409ஆம் ஆண்டு திகதியிட்ட கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் பொறிக்கப்பட்டது. அது 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்தது. இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதன் மேல் எத்தனை வண்டி போயிருக்கும்!

வியாபாரி அந்தப் பலகைகளை வாங்கியிருந்தால் முதலில் செய்திருக்கும் வேலை இரண்டு பக்கமும் இயந்திரச் சீவுளி போடுவதுதான். பிறகு அவை ஏதாவதொரு ஹோட்டலின் தரையாகியிருக்கும். இது கற்பனை அல்ல. 1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2002இல் வெளிநாட்டார் நிலம் வாங்குவதற்கு இருந்த நூறு வீத வரி நீக்கப்பட்டது. 2004இல் அது திரும்ப வருவதற்கிடையில் கோட்டைக்குள் நம்மவர் வீடுகள் பல கைமாறிவிட்டன. விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. ஐந்து பிள்ளைக்குப் பங்கு பிரிக்க வேண்டிய வீட்டை யார்தான் வைத்துக்கொண்டிருக்க முடியும்? ஆனால் அந்த வீடுகள் அழகாகத் திருத்தப்பட்டு, "ஒல்லாந்து வீடு" என்ற பெயரில் நிற்கின்றன. இடையில் நூற்றைம்பது வருடம் அதில் ஓதி, பிள்ளை பெற்று, மையித்து எடுத்தவர்களின் பேச்சே இல்லை. அதற்கு நாமும் உதவியிருக்கிறோம், ஒல்லாந்துக் கப்பல் கதைகளைச் சொல்லிச் சொல்லி.

எண்களைக் கண்டபின் மாமா டைல் பேச்சை எடுக்கவில்லை. தொல்பொருள் திணைக்கள அனுமதிக்கும் அவரே போனார்.

இனி, முறிந்ததற்கு ஈடு தேட வேண்டும். மொத்தம் பழுது ஆறு பலகை: பலாவில் நாலு, முதிரையில் இரண்டு. நடு அறையில் முன்னர் யாரோ மாமரத் துண்டுகளால் ஒட்டுப் போட்டு, அவை வண்டரித்து மாவாகியிருந்தன. பலகை முறிந்ததும் அந்த ஒட்டுக்குப் பக்கத்தில்தான்.

பலா வெட்டுவது நினைத்த மாதிரிச் செய்யக்கூடியதல்ல. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் அனுமதியின்றி வெட்டத் தடுக்கிறது. உணவு தரும் மரங்கள் என்பதால். எங்கள் ஊர் வளவில் காற்றுக்குச் சாய்ந்த ஒரு முதிர்ந்த பலா இருந்தது. பிரதேச செயலகத்துக்கு மூன்று முறை நடந்து அனுமதி பெற்றோம். ஆலையில் ஒன்றேகால் அங்குலத் தடிப்புக்கு அறுத்து, இடையிடையே சலாகை வைத்து அடுக்கி, வெயில் படாத தாழ்வாரத்தில் ஒன்றரை வருடம் காயவிட்டோம். அவசரப்பட்டு ஈரப் பலகையை அடித்தால் ஒரு கோடையில் சுருங்கி விரல் நுழையும் இடைவெளி விட்டுவிடும்.

நிறம்தான் மச்சான்மாருக்குப் பெரிய கவலை. புதுப் பலா மஞ்சள், பழையது கபிலம். சாயம் பூசலாமா என்று கேட்டார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் பூசினால் பலா ஆழ்ந்த நிறமெடுக்கும் என்பது பாஸுக்குத் தெரியும். ஆனால் அவர் செய்யவில்லை. பலா தானாகவே கறுக்கும். இன்று பழையதற்குச் சமமாகச் சாயம் போட்டால் பத்து வருடத்தில் அது பழையதைவிடக் கறுத்து அசிங்கமாக நிற்கும் என்றார். நிறத்தைப் பார்க்காதே, ரேகையைப் பார் என்பது அவர் கணக்கு. பழைய பலகைகள் மரத்தின் நடுவுக்குக் கிட்ட, எந்தப் போக்கில் அறுக்கப்பட்டிருந்தனவோ, அதே போக்கில் அறுத்த பலகைகளையே பொறுக்கினார். அடிப்பக்கத்தில் ஆலை வாளின் கீறலை அப்படியே விடச் சொன்னேன் நான். பின்னால் வருகிறவன் ஏமாறக்கூடாது.

முதிரைக்கு வழி வேறு. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990இல் தடை செய்யப்பட்டது. அதை நான் சரியென்றே நினைக்கிறேன். பழைய மரக் காலைகளில் தேடினோம். 2004 டிசம்பர் 26இல் கோட்டை மதில் உள்ளே இருந்தவர்களைப் பெரும்பாலும் காத்தது. வெளியே கரையோரம் முழுவதும் வீடுகள் போயின. அந்த வீடுகளின் நிலைகளும் கதவுகளும் பல வருடம் மரக் காலைகளில் கிடந்தன. ஒரு காலையில் முதிரை நிலைச்சட்டம் ஒன்று கிடைத்தது. அதன் மேற்புறத்தில் பிஸ்மியின் மங்கிய சுவடு இருந்தது. பாஸ் அதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். "இது யாரோ உங்கள் ஆட்களின் வாசல், மாஸ்டர். இதை மிதிக்கப் போடவேண்டாம்" என்றார். எனக்கு முன்னால் அது அவருக்குத் தோன்றியது எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வாங்கி எங்கள் ஊர்ப் பள்ளி நூல்நிலைய வாசலுக்கு மேலே பதித்திருக்கிறோம்.

கடைசியில் விடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. விறாந்தையில் கால் முறிந்து கிடந்த நீண்ட வாங்கு ஒன்று முதிரை. அதன் இருக்கைப் பலகையிலிருந்து இரண்டும் தேறின. பலாவுக்கும் பாஸ் ஒரு யுக்தி செய்தார். அலுமாரிக்கும் கட்டிலுக்கும் கீழே, கண்ணில் படாமல் நல்ல நிலையில் இருந்த பழைய பலகைகளை எடுத்து நடு அறையின் நடுவில் போட்டார். புதுப் பலகை நாலையும் அலுமாரிக்குக் கீழே கொண்டுபோனார். நடுவில் நிற்கும் எவருக்கும் இன்று திருத்தம் நடந்தது தெரியாது. பழைய ஆணித் துளைகளிலேயே ஆணி இறங்கியது. இடம் மாறிய பலகைகளின் எண் வரிசை குலைந்ததால், எந்த எண் எங்கிருந்து எங்கே போனது என்று ஒரு வரைபடம் கீறி உறுதிகளோடு வைத்திருக்கிறேன். முறிந்த பலகையின் எண் உள்ள துண்டும் அங்கேதான். புதுப் பலகைகளின் அடியில் 2019 என்று கரிக்கோலால் எழுதினேன்.

பாஸ் அடுத்த வருடம் காலமானார். மாமாவின் கால் இப்போது நலம். வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் மேல்மாடிக்குக் கூட்டிப்போய், ஒல்லாந்துக் கப்பல் உடைந்த கதையைத்தான் இன்னும் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்றால் மட்டும், "அப்படியென்டு சொல்லுவாங்க" என்று கடைசியில் சேர்த்துக்கொள்கிறார்.